சுருளும் சுமையும்

தடை செய்யப்பட்ட ஒரு பொருளைப் பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி என்று பொதுவில் பேசலாமா? பேசினால் அது தடையை மீறத் தூண்டுவதாகிவிடாதா? மின்சிகரெட்டை முன்வைத்து, குறிப்பாக அதன் வகைகளில் ஆபத்து மிகுந்ததான 'மெக்கானிக்கல்' வேப் கருவியையும் அதில் பொருத்தப்படும் ரெடிமேட் கம்பிச்சுருள்களையும் முன்வைத்து, இக்கேள்விகளை எழுப்ப விரும்புகிறேன். இலக்கியம் பேசும் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று நினைக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஒரு சிறு பெட்டியின் மேல் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. அதை வாங்குகிறவனுக்கு அந்த எண்ணை வாசிக்கத் தெரியவில்லை. வாசிக்கத் தெரியாமை உயிருக்கு ஆபத்தாகும் இடம் எதுவானாலும் அது மொழியைப் பற்றிய கேள்வியே என்று கருதுகிறேன்.

புகைக்கும் நம் மொழிக்கும் உள்ள உறவில் 'சுருட்டுதல்' என்ற வினை நெடுங்காலமாக இருந்து வருகிறது. சுருட்டு என்ற நம் சொல்லையே ஆங்கிலேயர் கடன் வாங்கி 'செரூட்' என்று உலகெங்கும் கொண்டுசென்றனர். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் இன்றும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். இப்போது புதிதாக வந்திருப்பது கம்பியைச் சுற்றிய சுருள். பீடி சுற்றுகிற பெண்ணுக்குத் தன் கையிலிருப்பது இலை, புகையிலைத் தூள், நூல் என்று தெரியும். பிடிக்கிறவனுக்கும் அது தெரியும். கம்பிச்சுருளின் கதை அப்படிப்பட்டதன்று.

*

கருவி என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். இன்றைய மின்சிகரெட்டுக்கு வடிவம் கொடுத்தவர் சீன மருந்தாளர் ஹோன் லிக், ஆண்டு 2003. நிகோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கி உள்ளிழுப்பதே அடிப்படை. சூடாக்குவது கம்பிச்சுருள். சூட்டைக் கொடுப்பது பேட்டரி. பெரும்பாலான கருவிகளில் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மின்னணுச் சில்லு இருக்கும். சுருளின் மின்தடை மிகவும் குறைந்தாலோ எங்கேனும் ஷார்ட் ஆனாலோ அந்தச் சில்லு மின்சாரத்தைக் கொடுக்க மறுத்துவிடும்.

மெக்கானிக்கல் வகையில் அந்தக் காவலாளி இல்லை. ஓர் உலோகக் குழாய், அதனுள் ஒரு பேட்டரி, மேலே சுருள், கீழே ஒரு பொத்தான், அவ்வளவுதான். குழாயே மின்கம்பியாகச் செயல்படுகிறது. பொத்தானை அழுத்தினால் பேட்டரியால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவும் சுருளில் பாய்கிறது. மறுப்பதற்கு ஆள் இல்லை.

இக்கருவியை விரும்பித் தொடக்கத்தில் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் தாமே கம்பி வாங்கித் தாமே சுற்றிக்கொண்ட மேலைநாட்டு ஆர்வலர்கள். எத்தனை சுற்று, எவ்வளவு தடிமன், என்ன மின்தடை என்று அளந்து பார்க்காமல் அவர்களால் ஒரு சுருளைச் செய்ய இயலாது. அந்த உழைப்பே அவர்களுக்குப் பாடமாகவும் அமைந்தது. ரெடிமேட் சுருள் அந்த உழைப்பை நீக்கிவிட்டது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் சுற்றப்பட்டு, சிறு பெட்டிகளில் அடைக்கப்பட்டு, கவர்ச்சியான பெயர்களோடு அது வருகிறது. கால்களை இரண்டு திருகாணிகளில் முடுக்கினால் போதும். சுற்றுகிற வேலை போயிற்று. அதோடு, சுற்றுகிறபோது கிடைத்த அறிவும் போயிற்று. ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தக் கம்பியின் பெயர்களுள் ஒன்று காந்தல். நம் வீட்டுச் சோற்றுப்பானையின் அடியில் பிடிக்கும் காந்தலுக்கும் இதற்கும் தொடர்பு ஏதுமில்லை. சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயர் அது. இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை உலோகம். இன்னொன்று நிக்ரோம், நிக்கலும் குரோமியமும் சேர்ந்தது. குரோமியம் என்றவுடன் பாலாற்றங்கரைக்காரர்களின் காது விறைக்கும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

*

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு கேள்வியோடு வந்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வளைகுடா நாட்டுக்குப் போனவர். விடுமுறையில் வந்திருந்தவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "பெட்டியில் 0.3 என்று போட்டிருக்கிறது சார். இதில் இரண்டு போட்டால் புகை நிறைய வரும் என்கிறார்கள். போடலாமா?" என்று கேட்டார். தமிழ் இலக்கியம் படித்தவனிடம் கேட்கக்கூடிய கேள்வியன்று. ஆயினும் கேட்பதற்கு அவருக்கு வேறு யாரும் இல்லை என்பது எனக்கு உறைத்தது. வீட்டில் கேட்க முடியாது. மருத்துவரிடம் கேட்டால் வசவு கிடைக்கும். விற்றவனிடம் கேட்டால் "போடலாம்" என்பான். இயற்பியல் துறை நண்பரிடம் அவரை அழைத்துச்சென்றேன்.

நண்பர் ஒரு தாளில் எழுதிக்காட்டியது மிக எளிமையானது. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஒரு லித்தியம் அயனி பேட்டரியின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். பெட்டியில் போட்டிருக்கும் 0.3 என்பது ஒரு சுருளின் மின்தடை, ஓம் அளவில். 4.2-ஐ 0.3-ஆல் வகுத்தால் 14 ஆம்பியர். இத்தகைய கருவிகளில் இடுகிற 18650 வகைப் பேட்டரிகளில் நல்ல நிறுவனத்துச் சரக்கு தொடர்ச்சியாக 20 ஆம்பியர் வரை தாங்கும். ஆகவே ஒரு சுருள் என்றால் கணக்கு எல்லைக்குள் நிற்கிறது. இரண்டு சுருள்களைப் போட்டால் அவை பக்க இணைப்பில் அமைகின்றன. பக்க இணைப்பில் மின்தடை கூடுவதில்லை, குறைகிறது. 0.3 இரண்டு சேர்ந்தால் 0.15. இப்போது 4.2-ஐ 0.15-ஆல் வகுத்தால் 28 ஆம்பியர். பேட்டரியின் எல்லை தாண்டிவிட்டது. வெப்பத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 118 வாட். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைப்போல நான்கு மடங்குக்கும் மேலான சூடு உதட்டுக்கு அருகில். அந்தச் சூட்டைத் தருகிற பேட்டரி உள்ளங்கையில்.

"0.3-ம் 0.3-ம் சேர்ந்தால் 0.6 ஆகும், அப்போது இன்னும் பாதுகாப்பு என்று நினைத்தேன் சார்" என்றார் மாணவர். இயல்பான நினைப்புதான். பெட்டியின் மேலிருந்த அந்த எண் பொய் சொல்லவில்லை. உண்மையில் பாதியை மட்டும், அவருக்குப் புரியாத மொழியில் சொல்லியிருந்தது. இத்தனைக்கும் ஓம் விதியும் பக்க இணைப்பும் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் தமிழிலேயே உள்ளன. தேர்வுக்குப் படித்த பாடம் கைக்குள் இருக்கும் பொருளோடு ஒருபோதும் சந்திப்பதில்லை என்பது நம் கல்வியின் பழைய நோய்.

பேட்டரி தன் எல்லையைத் தாண்டும்போது என்ன ஆகும்? உள்ளே சூடேறும், ஒரு கட்டத்தில் அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கும் வேதிவினை தொடங்கிவிடும். பிறகு பொத்தானை விட்டாலும் நிற்காது. வாயு பீறிட்டு வெளிவர வழி வேண்டும். உலோகக் குழாயில் வழி இல்லையென்றால் அது குழாயாக இராது, குண்டாகிவிடும்.

இது கற்பனையன்று. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டுச் செய்திகளில் வந்த மின்சிகரெட் வெடிப்பு, தீ நிகழ்வுகளைத் தொகுத்தது. மொத்தம் 195 நிகழ்வுகள். 133 பேருக்குக் காயம். அவற்றுள் 38 காயங்கள் கடுமையானவை. அதுவரை அங்கே மரணம் பதிவாகவில்லை. 2018 மே மாதம் புளோரிடாவில் ஒருவர் கருவி வெடித்து அதன் துண்டு தலையில் பாய்ந்து இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸில் ஓர் இளைஞரின் கழுத்துத் தமனியை வெடித்த கருவியின் சிதறல் அறுத்தது, அவரும் இறந்தார். கோடிக்கணக்கானவர் பயன்படுத்தும் பொருளில் இவை மிகச் சிலவே என்று வாதிடலாம். ஆனால் ஒரு கணக்கைப் போடத் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய காயங்கள் எத்தனையோ என்ற கேள்விக்கு அந்த வாதம் விடை தராது.

*

நம் நாட்டில்தான் இது தடை செய்யப்பட்டதாயிற்றே என்பீர்கள். உண்மை. தமிழ்நாடு 2018-இலேயே தடை விதித்தது. 2019 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத்தடையைப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 18 அன்று மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்து, டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், இருப்பு, விளம்பரம் அனைத்தும் குற்றம். முதன்முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருப்பு வைத்தலுக்கு ஆறு மாதம் வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம். முழுக் கருவி மட்டுமின்றி அதன் எந்தப் பகுதியும் இச்சட்டத்துக்குள் வரும். ஆகவே நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு கம்பிச்சுருளும் விலக்கப்பட்ட பொருளே.

இத்தடையை நான் எதிர்க்கவில்லை. 2019-இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்திய இளைஞர்கள் திடீரென நுரையீரல் செயலிழந்து மருத்துவமனைகளை நிறைத்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ பதிவாகியிருந்தனர்; இறந்தோர் 68. பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த திரவத்தில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் அதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை நுரையீரலுக்குள் இழுக்கிற பழக்கத்தை அரசு தடுத்தது சரியே.

என் மனக்குறை வேறு. தடை விதித்ததோடு பேச்சும் முடிந்துவிட்டது. தடை செய்யப்பட்ட பொருள் புழங்காது என்று யாரும் நம்பவில்லை; ஆனால் அப்படி நம்புவதாக அனைவரும் நடித்துக்கொள்கிறோம். ஐக்கிய அரபு அமீரகம் 2019 ஏப்ரலில் இதன் விற்பனையை முறைப்படுத்தி அனுமதித்தது. நம் வட்டாரத்திலிருந்து அங்கே சென்று உழைப்பவர்கள் ஏராளம். அங்கே சட்டப்படி வாங்கிய பொருளைப் பற்றி அவர்களிடம் தமிழில் பேச ஒருவரும் இல்லை. இங்கே மறைவாக வாங்குகிறவனின் நிலை இன்னும் மோசம். பெயர் தெரியாத பேட்டரி, யாரோ பழைய சரக்குக்குப் புதிய உறை மாட்டி 35 ஆம்பியர் என்று எழுதியது, அவனுக்கு வந்து சேர்கிறது. புகார் செய்யக்கூட அவனுக்கு வழியில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபது பேருக்கும் மேல் இறந்தனர். கள்ளச்சாராயம் அதற்கு முன்பே தடை செய்யப்பட்டதுதான். குடித்தவர்களின் கைக்குப் போய்ச் சேராமலிருந்தது தடையன்று. பாக்கெட்டுக்குள் இருப்பது எது என்ற அறிவு.

*

இங்கே வேலூரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். இந்தியச் சட்ட வரலாற்றில் இவ்வூருக்கு ஓர் அரிய இடம் உண்டு. டேனரிக் கழிவுகள் பாலாற்றையும் கிணறுகளையும் நஞ்சாக்கியதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று: தன் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் சுமை அதைச் செய்கிறவனுடையது. கிணற்றுநீர் கசக்கிறது என்று கூலிக்காரன் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கசக்கச் செய்யவில்லை என்று ஆலைக்காரர் நிரூபிக்க வேண்டும்.

மெக்கானிக்கல் கருவி இதைத் தலைகீழாக்குகிறது. செய்தவன் சில்லு வைக்கவில்லை. சுருளைச் சுற்றியவன் ஓர் எண்ணை அச்சிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டான். பேட்டரியை உண்டாக்கிய பெரிய நிறுவனங்களோ, தனிப் பேட்டரியாக எடுத்து இத்தகைய கருவிகளில் போடக்கூடாது என்றே சொல்லிவருகின்றன. சுமை முழுவதும் பொத்தானை அழுத்துகிற கட்டைவிரலின் மேல் வந்து நிற்கிறது. வெடித்தால் "அவனுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்ற ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது.

சுமையைச் செய்கிறவன் மேல் வைக்க முடியும் என்பதற்கும் இவ்வட்டாரமே சான்று. 1989-இல் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைத் தடுப்பு மருந்தைத் தடைசெய்தபோது, அந்த மருந்தைத் தோலில் பயன்படுத்திவந்த நம் டேனரிகள் திணறின; பிறகு மாற்று மருந்துக்கு மாறின. 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் தோல் பொருளில் ஆறு இணைதிற குரோமியம் கிலோவுக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. அந்த அளவுக்குள் இருப்பதாகச் சோதனையில் தேறினால்தான் நம் தோல் அங்கே செருப்பாகக் காலில் ஏறும். அந்த நாட்டில் செருப்பு வாங்குகிறவருக்கு வேதியியல் தெரியவேண்டிய அவசியம் இல்லை. அவருடைய பாதத்துக்கான கவலையை ஆம்பூரில் உள்ளவர்கள் முன்கூட்டியே பட்டாகிவிட்டது.

அதே ஆண்டு ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் சேற்றில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மூன்று மில்லிகிராம் வரை அளந்து காக்கப்பட்டது தொலைவிலிருக்கும் பாதம். பக்கத்திலிருக்கும் உயிர்களை அளக்க ஒரு கருவியும் இல்லை. 1996-இன் தீர்ப்புக்குப் பிறகும் 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பை எழுத நேர்ந்தது. கோட்பாடு ஏட்டில் இருப்பதால் மட்டும் சுமை இடம் மாறிவிடாது என்பதை நம்மைவிட நன்கறிந்தவர்கள் இருக்க முடியாது.

பீடியைப் பற்றியும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். தீங்கு ஐயத்துக்குரியதாக இருக்கும்போதே மின்சிகரெட்டைத் தடுத்த அரசு, தீங்கு ஐயந்திரிபற நிறுவப்பட்ட பீடியையும் சிகரெட்டையும் வரி வாங்கிக்கொண்டு அனுமதிக்கிறது. பீடி சுற்றும் கைகளின் வயிற்றுப்பாடு அதற்கு ஒரு காரணம் என்பதையும் குடியாத்தத்துத் தெருக்களில் நடந்தவன் மறுக்க மாட்டான். ஆனாலும் அந்தப் பீடிக்கட்டின் மேல், 2016 ஏப்ரல் முதல், முகப்பில் எண்பத்தைந்து விழுக்காடு எச்சரிக்கைப் படம் இருக்கிறது. எழுத்தறியாதவனும் அதை வாசிக்கிறான். விலக்கப்பட்டது என்ற காரணத்தாலேயே சுருள் பெட்டியின் மேல் அவனுக்கு விளங்கும் எச்சரிக்கை ஒன்றும் இல்லை.

*

என்ன செய்யலாம்? தமிழில் ஒரே ஒரு பக்கம் போதும். பொது சுகாதாரத் துறையோ கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டமோ அதை எழுதலாம். அதன் முதல் வரி "இதைத் தொடாதே, இது சட்டத்துக்கும் உடலுக்கும் விரோதம், தொட்டிருந்தால் விட்டுவிடு" என்றே இருக்கட்டும். அதை நான் முழுமனத்தோடு வழிமொழிகிறேன். ஆனால் பக்கம் அந்த ஒரு வரியோடு முடியக் கூடாது.

அடுத்த வரிகள் இப்படி இருக்கலாம். சில்லு இல்லாத கருவியைக் கைவிடு. நிகோட்டினை உடனே விட முடியாவிட்டாலும் இந்தக் குழாயை உடனே விட முடியும். பெட்டியிலுள்ள எண் ஒரு சுருளுக்கானது. இரண்டு என்றால் பாதி. அச்சிட்ட எண்ணையும் நம்பாதே. காலை நறுக்குவதிலும் திருகாணி தளர்வதிலும் அது மாறும். ஓம் மீட்டரில் அளக்காத சுருளில் மின்சாரம் பாய்ச்சாதே. சுருளின் கால் குழாயின் சுவரைத் தொட்டால் அது ஷார்ட். சில்லுள்ள கருவிக்கென்று செய்த சுருளை இதில் மாட்டாதே; அதன் அடிமுனை நீட்டிக்கொண்டிராவிட்டால் பேட்டரியின் இரு முனைகளும் உலோகத்தில் ஒன்றாகிவிடும். உறை கிழிந்த பேட்டரியைத் தூக்கியெறியாமல் முறையாக ஒப்படை. சாவியும் சில்லறையும் கிடக்கும் சட்டைப் பையில் பேட்டரியைப் போடாதே. கருவி சூடானால் முகத்தருகே கொண்டுபோகாதே. நிகோட்டின் திரவக் குப்பி குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது.

இதைப் படித்து ஒருவன் புதிதாகப் புகைக்கத் தொடங்குவான் என்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு நிபந்தனை உள்ள பொருளா இது என்று மலைத்து ஒதுங்குவதற்கே வாய்ப்பு அதிகம். என் மாணவர் அந்தத் தாளைப் பார்த்ததும் சொன்னதும் அதுதான்: "இவ்வளவு கணக்குப் போட்டு எதற்கு சார் இழுக்க வேண்டும்?" அறிவுரைகள் பல கேட்டும் வராத அந்தக் கேள்வி ஒரு வகுத்தல் கணக்கினால் வந்தது.

தடை வேண்டும். செய்கிறவன் மேலும் விற்கிறவன் மேலும் சுமையை வைக்கிற சட்டம் வேண்டும். அதை இந்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது வேலூர் என்ற பெருமையும் நமக்கிருக்கட்டும். ஆனால் சட்டம் போய்ச் சேராத சந்தில், சில்லு இல்லாத ஒரு குழாயோடு நிற்கிற பையனின் விரலுக்கும் அந்தப் பொத்தானுக்கும் நடுவே இப்போதைக்கு ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் தமிழில் எழுதிய ஒரு பக்கத்தையாவது வைக்கலாம். பெட்டியின் மேலிருக்கும் எண்ணை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியர்களாகிய நம் வேலைதான். அது தமிழாசிரியரின் வேலையா, இயற்பியல் ஆசிரியரின் வேலையா என்று பிறகு சண்டையிட்டுக்கொள்ளலாம்.